டான்ஸ் ஹாலில் பிறந்த இசை: அமெரிக்க ரூட்ஸ் இசையும் அதன் பேண்ட் லீடர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரூட்ஸ் இசை என்று எதையெல்லாம் சொல்கிறார்கள்?

அமெரிக்காவின் கிராமங்களிலும் சிறு ஊர்களிலும், ஒருவர் வாசித்ததைக் காதால் கேட்டு இன்னொருவர் பிடித்துக்கொண்டு வளர்த்த பாணிகளுக்கு மொத்தமாக வைத்த பெயர் அது. ப்ளூஸ், பழைய கன்ட்ரி, ப்ளூகிராஸ், காஸ்பல், லூசியானாவின் கேஜன், ஸைடகோ, டெக்ஸஸ் எல்லைப்புறத்து கொன்ஹுன்டோ, வெஸ்டர்ன் ஸ்விங் எல்லாமே இதில் வரும். அந்தக் காலத்தில் வாசித்தவர்கள் தங்கள் இசையை இந்தப் பெயரில் அழைத்ததில்லை. ரெக்கார்டு கடைக்காரர்களும் விமர்சகர்களும் பின்னால் ஒட்டிய லேபிள் இது. இங்கே மூன்று பேரைப் பற்றித்தான் விரிவாகப் பேசப்போகிறேன்: டெக்ஸஸின் பாப் வில்ஸ், கென்டக்கியின் பில் மன்ரோ, லூசியானாவின் கிளிஃப்டன் ஷெனியே. மற்றவர்கள் போகிற போக்கில் வருவார்கள்.

பாடகர் தெரியும், கிடாரிஸ்ட் தெரியும். பேண்ட் லீடருக்கு என்ன வேலை?

சனிக்கிழமை ராத்திரிக்கு ஹால் பிடிப்பது, ரேடியோவில் நேரம் வாங்குவது, குடித்துவிட்டு வந்தவனை வீட்டுக்கு அனுப்பி அன்றைக்கே இன்னொருவனைத் தேடுவது, வாரக் கடைசியில் எல்லோருக்கும் சம்பளம் எண்ணிக் கொடுப்பது. வாசிப்பதெல்லாம் அப்புறம்தான். பழைய நாடகக் கம்பெனி முதலாளியின் பாடுதான். ஒரு பிரதேசத்துக்கென்று தனி ஒலி இருந்தால் மண் வாசனை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். என் கட்சி வேறு. யாரை வேலைக்கு எடுப்பது, எந்த வாத்தியத்தை முன்னால் விடுவது என்று வாராவாரம் முடிவெடுத்தவர் லீடர். டிக்கெட் வாங்கி ஆட வந்தவர்கள் பாதியில் கலைந்துவிடக் கூடாது என்ற கவலைதான் அந்த முடிவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

பாப் வில்ஸ் எங்கிருந்து வந்தார்?

1905இல் டெக்ஸஸின் கோஸி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பா நல்ல பிடில்காரர். பருத்தி விவசாயக் குடும்பம். பருத்தி எடுக்கும் வயலில் கறுப்பினத் தொழிலாளர்கள் பாடியதைக் கேட்டே வளர்ந்தார். ஆக, வீட்டில் பிடில், வயலில் ப்ளூஸ். ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தைக் கேட்கக் குதிரையில் ஐம்பது மைல் போனதாக அவரே சொல்வார். டர்க்கி என்ற ஊரில் முடிதிருத்தும் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, இரவில் பண்ணை வீட்டு டான்ஸ்களுக்கு வாசித்தார்.

1929இல் ஃபோர்ட் வொர்த் நகரத்துக்கு வந்தார். அங்கே பாடகர் மில்டன் பிரவுன் சேர்ந்துகொள்ள, 1931இல் பர்ரஸ் மில் என்ற மாவு ஆலை இவர்களை ரேடியோவில் விளம்பரத்துக்கு எடுத்தது. ஆலையின் மாவுக்கு லைட் கிரஸ்ட் என்று பெயர், அதனால் குழுவுக்கு லைட் கிரஸ்ட் டோபாய்ஸ். ஆலையின் பொது மேலாளர் டபிள்யூ. லீ ஓடேனியலுக்கு முதலில் இந்த இசையே பிடிக்கவில்லை. ரேடியோ நேரம் போக, ஆலையிலும் வேலை பார்க்க வைத்தார். வில்ஸ் லாரி ஓட்டினார். நிகழ்ச்சிக்குக் கூட்டம் சேர்ந்ததும் ஓடேனியலே அறிவிப்பாளராக மைக் முன்னால் வந்து நின்றார். அந்தப் புகழிலேயே 1938இல் டெக்ஸஸ் கவர்னர் தேர்தலிலும் ஜெயித்தார்.

ஆனால் குழு வெளியே டான்ஸுக்கு வாசிக்கக் கூடாது என்று அவர் தடை போட்டார். பிரவுன் 1932இல் வெளியேறியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். குடியால் நிகழ்ச்சிகளைத் தவறவிட்ட வில்ஸுக்கு மறு வருடம் சீட்டுக் கிழிந்தது. ஓக்லஹோமா சிட்டிக்குப் போனார். ஓடேனியல் அங்கேயும் தலையிட்டு ரேடியோ வாய்ப்பைக் கெடுத்தார். வழக்கும் போட்டார்கள், வில்ஸ்தான் ஜெயித்தார். கடைசியில் 1934இல் துல்சா நகரின் கே.வி.ஓ.ஓ. ரேடியோ நிலையம் இடம் கொடுத்தது.

மதிய ரேடியோ நிகழ்ச்சிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள்?

பண்ணையில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும் நேரம் அது. 12.30 மணிக்கு பாப் வில்ஸும் அவருடைய டெக்ஸஸ் பிளேபாய்ஸ் குழுவும். அந்த நிகழ்ச்சியிலேயே இன்று இரவு எந்த ஊரில் டான்ஸ் என்று அறிவித்துவிடுவார்கள். கே.வி.ஓ.ஓ.வின் சக்தி வாய்ந்த அலைவரிசை பல மாநிலங்களுக்கு எட்டியது. எந்த ஊருக்குப் போய் இறங்கினாலும் கூட்டம் தயாராக இருந்தது இதனால்தான். வியாழன், சனிக்கிழமைகளில் துல்சாவிலேயே கெய்ன்ஸ் பால்ரூமில் டான்ஸ். மேப்பிள் பலகைத் தளம், அடியில் ஸ்பிரிங்.

மாவு ஆலையில் பட்ட பாட்டை வில்ஸ் மறக்கவில்லை. துல்சாவில் இன்னொரு ஆலையோடு பேசி, 'ப்ளே பாய்' என்ற பெயரிலேயே மாவு விற்க வைத்து, விற்பனையில் பங்கு வாங்கிக்கொண்டார். முன்பு மாவுக்காகப் பாடியவர், இப்போது தன் குழுவின் பெயரில் மாவு விற்க வைத்தார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது. அவர் கலிஃபோர்னியா போன பிறகும் தம்பி ஜானி லீ வில்ஸ் துல்சா நிகழ்ச்சியை 1958 வரை ஓட்டினார்.

அவர்தான் குழுவிலேயே சிறந்த பிடில்காரரா?

இல்லை. பழைய நாட்டுப்புற மெட்டுகளை அருமையாக வாசிப்பார். ஜாஸ் மாதிரி கற்பனையாக விரிக்கும் வேலைக்கு ஜெஸ்ஸி ஆஷ்லாக், பின்னால் ஜானி கிம்பிள் போன்றவர்களை வைத்துக்கொண்டார். மேடையில் பிடில் வாசிக்கும் வில்லை யார் பக்கம் நீட்டுகிறாரோ, அடுத்த சுற்று அவருடையது. யாருக்கு எப்போது நீட்டுவார் என்று தெரியாது, அதனால் எல்லோரும் முழிப்பாகவே இருக்க வேண்டும்.

பாட்டுக்கு நடுவே "ஆ...ஹா!" என்று கத்துவது யார்?

வில்ஸேதான். உச்சக் குரலில் கூவுவார், வாசிப்பவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், பாடகர் டாமி டங்கன் பாடிக்கொண்டிருக்கும்போதே ஏதாவது கேலி சொல்வார். 1935 செப்டம்பரில் டல்லஸில் இவர்களுடைய முதல் ரெக்கார்டிங். தயாரிப்பாளர் ஆர்ட் சாதர்லி, இங்கிலாந்திலிருந்து வந்தவர். பிடில் குழு என்று நினைத்து வந்தால் எதிரே சாக்ஸஃபோன், ட்ராம்போன், டிரம்ஸ் எல்லாம் நிற்கின்றன. ஊதுகருவிகள் வேண்டாம் என்றார், வில்ஸ் மசியவில்லை. வாசிக்க ஆரம்பித்ததும் கத்தல். சாதர்லி நிறுத்தி, பாட்டை மூடி மறைக்கிறது, கத்தாதீர்கள் என்றார். உடனே வில்ஸ் தன் ஆட்களைப் பார்த்து மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். பாப் வில்ஸ் வேண்டுமென்றால் கத்தலும் சேர்த்துத்தான் என்பது அவர் கட்சி. சாதர்லி இறங்கி வந்தார்.

இதை வெறும் வீம்பு என்று நான் நினைக்கவில்லை. ஹாலில் ஆடுகிறவர்களுக்கு அந்தக் கூவல்தான் உற்சாகம். அதை எடுத்துவிட்டால் ரெக்கார்டு வாங்குபவருக்கு வேறு ஏதோ குழுவைக் கேட்பது போல இருந்திருக்கும்.

வெஸ்டர்ன் ஸ்விங்கை உண்மையில் தொடங்கியது மில்டன் பிரவுன் அல்லவா?

நியாயமான கேள்வி. வில்ஸ் வாசித்த, பிடிலும் ஜாஸும் கலந்த இந்த டான்ஸ் இசைக்குத்தான் வெஸ்டர்ன் ஸ்விங் என்று பெயர். டோபாய்ஸை விட்டு வந்ததும் பிரவுன் அமைத்த மியூசிக்கல் பிரௌனீஸ் குழுதான், பிடில், பியானோ, ஜாஸ் தாளம் மூன்றையும் முதலில் இறுகக் கட்டியது. அவர்களுடைய ஸ்டீல் கிடார் கலைஞர் பாப் டன் 1935 ஜனவரியிலேயே மின்னிணைப்புள்ள கிடாரை ரெக்கார்டில் வாசித்துவிட்டார். ஆனால் 1936 ஏப்ரலில் பிரவுன் கார் விபத்தில் அடிபட்டு இறந்துபோனார். வில்ஸுக்கோ 1940 வாக்கில் பதினெட்டுப் பேர் வரை இருந்த பெரிய குழு இருந்தது. அதே வருடம் பிரபலப் பாடகர் பிங் க்ராஸ்பி, வில்ஸின் சான் அன்டோனியோ ரோஸ் பாட்டைப் பாடி, அந்த ரெக்கார்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. தொடங்கியவர் என்ற பெருமையைப் பிரவுனுக்குக் கொடுக்கலாம். நாடு முழுக்கக் கொண்டுபோனவர் வில்ஸ். 2011இல் டெக்ஸஸ் வெஸ்டர்ன் ஸ்விங்கைத் தன் அதிகாரபூர்வ மாநில இசையாக அறிவித்தது.

டிரம்ஸ் வைப்பதற்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

கன்ட்ரி இசையில் தாளத்தைக் கிடாரும் பேஸும் பார்த்துக்கொள்ளும், டிரம்ஸ் நகரத்து ஜாஸுக்கு உரியது என்ற எண்ணம். 1935இல் வில்ஸ் டிரம்ஸ் கலைஞர் ஸ்மோக்கி டேகஸைக் கூப்பிட்டபோது, பிடில் குழுவுக்கு டிரம்ஸ் எதற்கு என்று டேகஸே கேட்டாராம். ஒலிபெருக்கி சுமாராக இருந்த காலத்தில், நூற்றுக்கணக்கான பேர் ஆடும் ஹாலின் கடைசி மூலைக்குத் தாளம் போய்ச் சேர வேண்டும். வில்ஸுக்கு வேறு வழி தெரியவில்லை.

1944 டிசம்பர் கடைசியில் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி மேடைக்கு இவர்களைக் கூப்பிட்டார்கள். டிரம்ஸைத் திரைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள், வில்ஸ் முன்னால் இழுத்து வைத்தார் என்பது பிரபலமான கதை. திரை விஷயத்தை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். ஆப்ரியில் டிரம்ஸுக்கு இடமில்லாத காலம் அது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

ப்ளூகிராஸும் டான்ஸ் இசைதானா?

என் கட்சிக்கு இடிக்கிற இடம் இது. ப்ளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்ரோ டான்ஸுக்கு வாசித்துத்தான் தொடங்கினார். சிறுவனாக மாமா பென் வாண்டிவரின் பிடிலுக்குக் கிடார் பிடித்தார், ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரோடும் டான்ஸ்களில் வாசித்தார். ஆனால் அவர் உருவாக்கிய குழு, மக்கள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதற்கானது. வேகம் அதிகம், சுருதி உயரம், அவர் குரலோ அதற்கும் மேலே. இவ்வளவு வேகத்தில் சாமானியர் ஆட முடியாது.

மன்ரோ 1911இல் கென்டக்கி மாநிலத்தின் ரோசின் ஊரில், எட்டுப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். பிடிலையும் கிடாரையும் அண்ணன்கள் எடுத்துக்கொண்டதால் மிஞ்சிய மாண்டலின் இவருக்கு. அதிலும் ரொம்பச் சத்தம் போடக் கூடாது என்று எட்டுக் கம்பிகளில் நான்கைக் கழற்றிவிட்டார்களாம். 1939 அக்டோபரில் ப்ளூ கிராஸ் பாய்ஸ் என்ற குழுவோடு ஆப்ரியில் சேர்ந்தார். சனிக்கிழமை இரவு அங்கே வாசித்துவிட்டு, மற்ற நாட்களில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்து நிகழ்ச்சி. குழுவுக்குப் பேஸ்பால் அணி வேறு இருந்தது! ஊருக்குள் போனதும் உள்ளூர் அணியைப் போட்டிக்குக் கூப்பிடுவார்கள். மதியம் ஆட்டம் பார்த்த கூட்டம் ராத்திரி கூடாரத்துக்கு வரும்.

இந்த இசையில் டிரம்ஸ் கிடையாது. மன்ரோ மாண்டலினின் கம்பிகளை அமுக்கி, இடைத்தாளத்தில் 'சக், சக்' என்று வெட்டுவார். டிரம்ஸ் செய்யும் வேலையை அதுவே செய்துவிடும்.

எர்ல் ஸ்க்ரக்ஸின் பாஞ்சோ இல்லாமல் ப்ளூகிராஸ் ஏது? அப்புறம் ஏன் மன்ரோவைத் தந்தை என்கிறார்கள்?

1945 டிசம்பரில் ஸ்க்ரக்ஸ் மன்ரோவின் குழுவுக்கு வந்து, பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தை மூன்று விரலால் வாசித்ததும் கூட்டம் எழுந்துவிட்டது என்பது உண்மை. அவரோடு கிடாரில் லெஸ்டர் ஃபிளாட், பிடிலில் சப்பி வைஸ், பேஸில் ஹவர்ட் வாட்ஸ். இன்றைக்கும் ப்ளூகிராஸ் குழு என்றால் அந்த ஐந்து வாத்தியங்கள்தான். ஃபிளாட்டும் ஸ்க்ரக்ஸும் 1948இல் விலகித் தனிக்குழு அமைத்தார்கள். மன்ரோ பல வருடம் அவர்களோடு பேசவில்லை. மன்ரோவின் ரெக்கார்டு கம்பெனியான கொலம்பியா, ஸ்டேன்லி பிரதர்ஸ் குழுவையும் ஒப்பந்தம் செய்ததும், என் பாணியைக் காப்பி அடிக்கிறவர்களோடு ஒரே கம்பெனியில் இருக்க மாட்டேன் என்று டெக்கா கம்பெனிக்குப் போய்விட்டார்.

அவரைத் தந்தை என்று சொல்ல எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்: ஸ்க்ரக்ஸ் போன பிறகும் ஒலி போகவில்லை. அடுத்து வந்தவர், அதற்கடுத்து வந்தவர் என்று 1996இல் அவர் இறக்கும் வரை நூற்றைம்பது பேருக்கு மேல் அந்தக் குழுவில் பயிற்சி பெற்று, வெளியே போய்த் தங்கள் குழுக்களை அமைத்தார்கள். பள்ளிக்கூடமே நடத்தினார் எனலாம், சம்பளம் மட்டும் குறைவு.

லூசியானாவின் கேஜனும் ஸைடகோவும் ஒன்றா?

பங்காளிகள். இரண்டிலும் அக்கார்டியன் என்ற துருத்தி வாத்தியம், இரண்டிலும் பிரெஞ்சு. கேஜன் வெள்ளையர்களின் இசை, பிடிலுக்கு அதில் பெரிய இடம். ஸைடகோ பிரெஞ்சு பேசும் கறுப்பினத்தவரான கிரியோல் மக்களுடையது, ப்ளூஸ் சாய்வு அதிகம். ஆரம்பத்தில் இந்த வேலி இவ்வளவு உயரமாக இல்லை. 1929இல் கிரியோல் அக்கார்டியன் கலைஞர் அமெடே ஆர்டுவாங்கும் வெள்ளைக்காரப் பிடில்காரர் டென்னிஸ் மக்கீயும் சேர்ந்து ரெக்கார்டு செய்திருக்கிறார்கள். ஆர்டுவாங்கின் முடிவு கொடுமையானது. ஒரு டான்ஸில் வெள்ளைக்காரப் பெண் முகம் துடைக்கக் கைக்குட்டை கொடுத்ததற்காக அவரை அடித்துப் போட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். 1942இல் பைன்வில் மனநல மருத்துவமனையில் இறந்தார்.

கிளிஃப்டன் ஷெனியே என்ன மாற்றினார்?

வாத்தியத்தையே மாற்றினார். அதுவரை கிரியோல் மக்கள் வாசித்தது பெரும்பாலும் பொத்தான் அக்கார்டியன். அதில் எல்லா ஸ்வரமும் கிடைக்காது. 1925இல் ஓபலூசஸ் அருகே பிறந்த ஷெனியே பியானோ கட்டைகள் வைத்த பெரிய அக்கார்டியனை எடுத்தார். இப்போது ப்ளூஸின் எந்த வளைவையும் வாசிக்கலாம். கூடவே எலெக்ட்ரிக் கிடார், டிரம்ஸ், சாக்ஸஃபோன்.

தாளக்கருவி விஷயம் இன்னும் சுவாரசியம். துணி துவைக்கும் தகரப் பலகையைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டித் தேய்ப்பது பழைய வழக்கம். ஷெனியேவும் அண்ணன் கிளீவ்லண்டும் டெக்ஸஸின் போர்ட் ஆர்தர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வேலைக்குப் போயிருந்தார்கள். அங்கே உலோக வேலை தெரிந்த வில்லி லாண்ட்ரியிடம் 1946இல் ஒன்று செய்து தரச் சொன்னார் ஷெனியே. தோளில் மாட்ட மேலே இரண்டு வளைவு, மார்பிலிருந்து வயிறு வரை நெளிநெளியான தகடு. கயிறு கிடையாது, சட்டை போலப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு கையும் விடுபட்டதால் கிளீவ்லண்ட் கை நிறைய பாட்டில் ஓப்பனர்களைப் பிடித்துக்கொண்டு தேய்த்தார். இதன் பெயர் ஃப்ராட்வார். இன்றைக்கு இது இல்லாத ஸைடகோ மேடையைப் பார்ப்பது அபூர்வம்.

1960களின் நடுவில், உறவுக்காரரான ப்ளூஸ் கலைஞர் லைட்னிங் ஹாப்கின்ஸ் மூலம் ஆர்ஹூலி ரெக்கார்டு கம்பெனியின் க்ரிஸ் ஸ்ட்ராக்விட்ஸுக்கு அறிமுகமானார். ஸ்ட்ராக்விட்ஸ் கேட்டது பழைய பிரெஞ்சுப் பாட்டுகளை. ஷெனியே செய்ய நினைத்தது வானொலியில் ஓடக்கூடிய ரிதம் அண்ட் ப்ளூஸை. சரி, ஆளுக்குப் பாதி என்று முடிவாகி, 1965 ஆல்பத்தில் ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இது. பிரெஞ்சு பேசினால் பள்ளிக்கூடத்தில் அடி விழுந்த தலைமுறை அது. ஷெனியே மேடையில் கிரீடம் வைத்துக்கொண்டு பிரெஞ்சில் பாடினார். பின்னாளில் டயாலிசிஸ் செய்துகொண்டே ஊர் ஊராகப் போனார். 1987இல் இறந்ததும் மகன் சி.ஜே. ஷெனியே குழுவை ஏற்றார்.

டெக்ஸஸ்–மெக்ஸிகோ எல்லையிலும் அக்கார்டியனா?

ஆமாம், ஜெர்மன், செக் குடியேறிகள் கொண்டுவந்த பொத்தான் அக்கார்டியனும் போல்கா தாளமும்தான். நார்சிஸோ மார்ட்டினெஸ் 1930களின் நடுவில் செய்தது சின்ன மாற்றம்: இடது கைப் பேஸ் பொத்தான்களை ஏறக்குறைய விட்டுவிட்டு, வலது கை மெட்டை மட்டும் துல்லியமாக வாசித்தார். தாளத்தையும் பேஸையும் பன்னிரண்டு கம்பி பாஹோ செக்ஸ்டோவில் சாண்டியாகோ அல்மெய்டா பார்த்துக்கொண்டார். கொன்ஹுன்டோவின் எலும்புக்கூடு இதுதான். ப்ளூபேர்ட் கம்பெனி இதே ரெக்கார்டுகளைக் கேஜன் சந்தையில் 'லூசியானா பீட்' என்றும், போலந்துக்காரர்களிடம் 'போல்ஸ்கி க்வார்டெட்' என்றும் பெயர் மாற்றி விற்றது. வாங்கியவர்கள் நம் ஊர்க்காரர் என்றே நம்பி ஆடியிருப்பார்கள்.

கறுப்பர்களின் இசையை வெள்ளையர்கள் எடுத்துக்கொண்டதுதானே இதெல்லாம்?

பெரும்பகுதி அப்படித்தான். வில்ஸுக்குப் பருத்தி வயல், மன்ரோவுக்கு ஷுல்ட்ஸ். இருவருமே இதை மறைக்கவில்லை. ஆனால் வில்ஸ் வாசித்த ஹால்களில் கறுப்பர்கள் டிக்கெட் வாங்கி ஆட முடியாது. ரெக்கார்டு கம்பெனிகளும் கறுப்பர்களின் ரெக்கார்டுகளை 'ரேஸ்' பட்டியலிலும் வெள்ளையர்களின் கிராமத்து இசையை 'ஹில்பில்லி' பட்டியலிலும் போட்டு விற்றன. கேட்டுக் கற்றது கலந்து, காசு மட்டும் பிரிந்து போனது. ஷுல்ட்ஸின் வாசிப்பு ஒரு ரெக்கார்டில்கூட இல்லை.

பெண்கள் இல்லையா?

இருந்தார்கள், லீடராகக் குறைவு. மன்ரோவின் குழுவிலேயே 1940களில் சாலி ஆன் ஃபாரெஸ்டர் அக்கார்டியன் வாசித்தார். எல்லைப்புறத்தில் பன்னிரண்டு கம்பி கிடாரோடு தனியாகவே பாடிப் பெயர் வாங்கினார் லிடியா மென்டோசா. கலிஃபோர்னியாவில் ஸைடகோ குழு நடத்திய குயின் ஐடா, ஷெனியேவுக்கு முந்தின வருடமே கிராமி வாங்கினார்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?

வில்ஸுக்கு, 1946–47இல் ரேடியோ நிலையங்களுக்காக ஒலிப்பதிவு செய்த டிஃப்பனி டிரான்ஸ்கிரிப்ஷன்ஸ். ஸ்டுடியோ ரெக்கார்டுகளைவிட இதில் குழு தளர்வாக, குஷியாக வாசிக்கிறது. 1973 டிசம்பரில் செய்த கடைசி ஆல்பத்தை முதலில் எடுக்காதீர்கள். முதல் நாள் சக்கர நாற்காலியில் வந்தவர், அன்றிரவே பக்கவாதத்தில் நினைவிழந்தார். மறுநாள் அவர் இல்லாமலே முடித்தார்கள். மன்ரோவுக்கு 1946–47 கொலம்பியா பதிவுகள். ஷெனியேவுக்கு ஆர்ஹூலி ஆல்பங்களில் எதை எடுத்தாலும் சரி. மார்ட்டினெஸின் பழைய ரெக்கார்டுகள் கீறல் சத்தத்தோடுதான் கிடைக்கும். அது பிடிக்காவிட்டால் அதே பாணியில் அடுத்த தலைமுறைக்காரரான ஃப்ளாக்கோ ஹிமெனெஸுக்கு நேராகப் போய்விடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.